எறும்பு ஏறும் ஜன்னல்

அத்தியாயம் பதினொன்று

எறும்புகள் எதைத் தேடி வருகின்றன என்பது அனோஜாவுக்குப் புரியவில்லை.

சீனிப் போத்தல் அடுப்படியில், தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே இருந்தது. விசுக்கோத்து டின் இறுக மூடியிருந்தது. எறும்புகள் அந்தப் பக்கமே போகவில்லை. அவை தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் பின்சுவரில் ஏறி, ஜன்னல் பலகையைத் தாண்டி, அம்மாவின் தலைமாட்டில் இறங்கின. அங்கே தின்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு தலையணை, செபமாலை, மூக்குக்கண்ணாடி, ஒரு காலிக் கப். அவ்வளவுதான்.

மஞ்சள் தூவிப் பார்த்தாள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தாள். அரை நாள் நின்றன. பிறகு அதே வரிசை, அதே வழி.

எறும்பு சும்மா வராது என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உணவைக் கண்ட முதல் எறும்பு திரும்பிப் போகும்போது தரையில் ஒரு வாசனையைத் தடவிக்கொண்டே போகும். மற்றவை அந்த வாசனையைப் பிடித்து வரும். உணவு தீர்ந்தால் வாசனை மங்கி வரிசை கலைந்துவிடும். இந்த வரிசை கலையவே இல்லை. அப்படியென்றால் உணவு தினமும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆசிரியர் அறையில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்து பயமுறுத்தியது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள் சிறுநீர் கழித்த இடத்துக்கு எறும்பு வருமாம்.

ஏற்கெனவே இருப்பது போதாதா?

போன மழைக்குப் பின்பக்க மண்மேடு சரிந்து அவர்களுடைய கக்கூசை மூடிவிட்டது. அன்றிலிருந்து லயத்தின் கடைசியில், வழுக்குகிற படிகளில் இறங்கித்தான் போக வேண்டும். சில வாரங்கள் கழித்து, அனோஜா பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள், அம்மா சிசிலி கொட்டுகிற மழையில் தேயிலைச் செடிகளுக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பார்த்தவர்கள் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். எதற்குப் போனாய் என்றால் பதில் இல்லை. அன்றிரவே அண்ணன் அன்டன் நுவரெலியாவிலிருந்து தொலைபேசியில் சொன்னான். "இது மறதி வருத்தம். என்கூட ஹோட்டல்ல வேல செய்றவனோட அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு. வெளியில பூட்டிட்டுப் போ. இல்லாட்டி ஒரு நாளைக்கு ஆத்துலதான் தேடணும்."

அனோஜா பூட்டினாள். சாவி அவள் கழுத்தில், சிலுவையோடு ஒரே கயிற்றில் தொங்கியது. அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சு நாளுக்கு நாள் தடுமாறியது. அனோஜா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்கு மேல் இல்லை என்று அதிபர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அன்டன் வேனோடு வந்து, நுவரெலியாவில் சிஸ்டர்மார் நடத்துகிற முதியோர் இல்லத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

அம்மாவை அனுப்ப வேண்டும். அல்லது வேலையை விட வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இருக்குமா என்று பார்ப்பதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்து, வீட்டுக்கு வந்து பார்க்கிற நேர்ஸ் மிஸ்ஸை இன்று வரவழைத்திருந்தாள்.

"பெரட்டுக்கு நேரமாச்சா, லூர்து?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு சிசிலி கடைசியாகப் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. லூர்து அவளுடைய தங்கை. இறந்துவிட்டாள்.

"லூர்து சின்னம்மா இல்லம்மா. நான் அனோஜா."

"தெரியுது. அனோஜான்னுதானே கூப்புட்டேன்."

அனோஜா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கூடுதலாக சீனி போட்டிருந்தாள். அம்மாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். பிறகு குழாயடிக்குப் போக வாளியை எடுத்தாள். கதவை வெளியே இழுத்துப் பூட்டினாள். தண்ணீர் நிரம்புகிற வரை அவள் கண் அந்தப் பூட்டிலேயே இருந்தது. மலைச்சரிவில் பனி இறங்கி, கீழே இருக்கிற ரோட்டையும் கோயிலையும் மறைத்திருந்தது. கிளென்ரோய் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் இந்த ஒரு லயத்தைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை என்பது போல இருந்தது.

திரும்பி வந்தபோது கப் காலியாக இருந்தது.

"குடிச்சிட்டீங்களாம்மா?"

"கப்பப் பாரு," என்றாள் சிசிலி.

*

நேர்ஸ் பிரேமினி மிஸ் ஆட்டோவைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு ஏறி வந்தாள். நானுஓயாக்காரி. தோளில் ஒரு பை, கையில் குடை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

"அம்மா எங்க? ஒங்களப் பாக்கத்தான் இந்த ஏத்தம் ஏறி வந்தேன்."

சிசிலி எழுந்து நின்றாள். கொண்டையைச் சரி செய்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, கைகளைப் பக்கவாட்டில் நேராக வைத்துக்கொண்டாள். அனோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் கட்டிலிலிருந்து எழும்ப இரண்டு தடவை தள்ளாடியவள் இவள்தானா?

"நடக்க முடியுதாம்மா?"

"நல்லா முடியும் மிஸ்."

"கக்கூசுக்குத் தனியா போவீங்களா?"

"போவேன் மிஸ்."

"தல சுத்துதா? வலி எதுவும்?"

"ஒன்னும் இல்லைங்க மிஸ்."

அனோஜா ஒரு அடி முன்னால் வந்தாள். இரண்டு மாதமாக அவள் பட்டதெல்லாம் பொய் என்று ஆகிக்கொண்டிருந்தது. "மிஸ், வீட்ல இப்பிடி இல்ல. நீங்க வந்ததும்தான்..."

"தெரியும் அனோஜா." பிரேமினி பேனாவைப் பைக்குள் போட்டாள். "எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். சரிம்மா, இனிமே கேள்வி இல்ல. நீங்க செஞ்சு காட்டுங்க, நான் பாக்குறேன்."

பிரேமினிக்கு அந்தப் பதில்கள் புதிதல்ல. பெரட்டுக் களத்தில் முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது, கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். காய்ச்சலோடும் இடுப்பு வலியோடும் வரிசையில் நிமிர்ந்து நின்று முடியும் என்று சொல்லியே இவர்களுக்கு வயதாகிவிட்டது. பையும் பேனாவுமாக யார் வந்து கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும். ஆகவே ஒரு வயதானவரின் தேவையைக் கண்டுபிடிக்க வந்தவர் 'முடியுமா' என்று கேட்பதில் பயனில்லை. செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று, கையையும் காலையும் பார்க்க வேண்டும்.

"கதிரையில ஒக்காருங்க. கையை ஊனாம எழும்பி, வாசல் வரைக்கும் நடந்து திரும்பி வாங்க."

சிசிலி கையை ஊன்றித்தான் எழுந்தாள். எழுந்ததும் ஒரு கணம் கண்ணை மூடினாள். வாசலை அடைவதற்குள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது வலது காலை உறுதியாக வைத்து, இடது காலை மெல்ல இழுத்தாள்.

பிரேமினி அவளைப் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு நிற்க வைத்து மறுபடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். வாய்க்குள் கன்னத்தின் உட்புறத்தை டோர்ச் அடித்துப் பார்த்தாள். விரல் நுனியில் சின்னதாகக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கருவியில் வைத்தாள்.

"சீனி நல்லாத்தான் இருக்கு."

அனோஜாவுக்கு அந்தப் பயம் விட்டது. ஆனால் பழைய கேள்வி அப்படியே இருந்தது. அப்படியானால் எறும்பு?

"அம்மா, ஞாயிறு, திங்கள்னு சொல்லுவோமே. அத பின்னாலேருந்து சொல்லுங்க பாப்போம். சனி..."

"சனி. வெள்ளி." சிசிலி சிரித்தாள். "வியாழன். கொழுந்து தராசுல நிறுத்தாச்சா புள்ள? கூடை நனைஞ்சிருந்தா கழிச்சிருவானுங்க."

வியாழனுக்குப் பிறகு அவள் எங்கோ போய்விட்டாள். பிறகு தானாகவே திரும்பி வந்து, எதிரே இருப்பது யார் என்று பார்த்து, வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

வெளியே வேன் ஹோர்ன் அடித்தது.

*

"நீ ஞாயித்துக்கெழமதானே வர்றேன்னே?" என்றாள் அனோஜா.

"இன்னைக்கு லீவு கெடச்சுச்சு." அன்டன் அம்மாவின் கன்னத்தைத் தடவினான். கையில் அம்மாவுக்கென்று வாங்கிய ஒரு புதிய பிரயாணப் பை. அதைக் கட்டில் காலோரமாக வைத்தான். "அம்மா, எப்பிடி? நம்ம நுவரெலியாவுக்குப் போறோம். மாதா படம் பெருசா மாட்டியிருக்காங்க. கோயிலும் உள்ளுக்குள்ளேயே இருக்கு."

"இங்கயும் கோயில் இருக்கு," என்றாள் சிசிலி.

அன்டன் பிரேமினியிடம் திரும்பினான். "மிஸ், நீங்க இருக்கிறது நல்லதாப் போச்சு. ஹோம்ல ஒரு ரிப்போர்ட் கேட்டாங்க. ஆளில்லாம விட முடியாது, மறதி வருத்தம்னு ஒரு வரி எழுதித் தாங்களேன்."

"எழுதலாம். அது உண்மையான்னு தெரிஞ்ச பெறகு."

"கண்ணு முன்னால பாக்குறீங்களே மிஸ்."

"பாத்தேன். நிதானம் இல்லாம பேசுறாங்க. அது ஏன்னு தெரியாதே. மறதி வருத்தம் பூனை மாதிரி வரும், வருஷக் கணக்கா. இது எப்பத் தொடங்கிச்சு?"

"தேயிலை மலைக்குள்ள போயி நின்னாங்க பாருங்க, அன்னையிலேருந்து," என்றான் அன்டன்.

"இல்ல," என்றாள் அனோஜா. நடந்ததை மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். "அன்னைக்கு ராத்திரி நல்லாத்தான் பேசுனாங்க. ஜெபம் எல்லாம் ஒழுங்கா சொன்னாங்க. அடுத்த வாரம்தான் என்னய லூர்துன்னாங்க. அது வந்து..." அவள் நிறுத்தினாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "பூட்டுப் போட்ட பெறகு."



"அம்மா, அன்னைக்கு மலைக்குள்ள எதுக்குப் போனீங்க?" பிரேமினி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

சிசிலி மகனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

பிரேமினிக்குப் போதுமாக இருந்தது. "அன்டன், கை கழுவ ஒரு வாளி தண்ணி கொண்டாங்களேன். பக்கத்துலதானே குழாய்?"

அவன் வெளியே போனதும் சிசிலி குரலைத் தாழ்த்தினாள். "ஒதுங்கப் போனேன் மிஸ். வேற எதுக்குப் போவாங்க? அந்தப் படி வழுக்குது. கீழ போயிச் சேர்றதுக்குள்ள சேலை நனைஞ்சிரும். செடி மறைவு கிட்டத்துல இருக்கு. நாங்க காலம் பூரா அங்கதானே ஒதுங்குனோம். வந்தவனுங்க என்னயப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, எதுக்குப் போனேன்னு கேட்டா, ஆம்பளைங்க முன்னால என்னான்னு சொல்றது?"

அனோஜா சுவரோடு சாய்ந்தாள். அந்த மழை நாளில் அத்தனை பேர் கேட்டார்கள். தனியாக யாரும் கேட்கவில்லை. அவள்கூட.

"இப்ப ஒரு நாளைக்கு எத்தன கப் குடிக்கிறாங்க?" என்று பிரேமினி அவளிடம் கேட்டாள்.

"தேத்தண்ணி நாலஞ்சு. தண்ணி ஒரு போத்தல். நான் கணக்கா வச்சிட்டுத்தான் போவேன். கப்பு காலியாத்தான் இருக்கும்."

"குடிக்கிறதப் பாத்தீங்களா?"

அனோஜா காலிக் கப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதே நேரம் பின்பக்கத்திலிருந்து அன்டனின் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"அனோஜா, இந்தச் செவத்துல என்னா இது?"

மண்மேடு சரிந்ததிலிருந்து போகாத பின்பக்கத்துக்கு அவள் சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்பக்கமாகக் குறுக்கே வந்த அன்டன், வாளியோடு கழிவுநீர் ஓடும் கானோரத்தில் நின்றான். சுண்ணாம்பு அடித்த சுவரில், அம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு பழுப்புக் கறை கோடு கோடாக வழிந்து கான் வரை இறங்கியிருந்தது. மேலே இருந்த கோடு இன்னும் ஈரம். பழையவை காய்ந்து பிசுபிசுத்திருந்தன. அவற்றின் மேல் எறும்புகள், வெல்லத்தின் மேல் ஊர்வது போல.

தேத்தண்ணிக் கறையைத் தெரியாதவர்கள் இந்த லயத்தில் யாரும் இல்லை.

ஜன்னல் பலகையில் மேலே ஏறிய எறும்புகள், அம்மாவின் கப்பைத் தேடி வந்தவை. தினமும் உணவு வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவள் அனோஜாவேதான், கூடுதலாகச் சீனி போட்டு.

*

"ஏம்மா ஜன்னல் வழியா ஊத்துனீங்க?" என்று அனோஜா கேட்டாள்.

சிசிலிக்கு இப்போது கோபம் வந்தது. "குடிச்சா போகணும். போகணும்னா கதவத் தொறக்கணும். நீ பள்ளிக்கூடத்துல இருப்பே. கட்டில்லயே போகச் சொல்றியா?"

"இப்ப நான் வீட்லதானே இருக்கேன்?"

"இருக்கே. மழையில அந்தப் படியில என்னய எத்தன தடவ எறக்கி ஏத்துவே? காலையில ஒன்னு, அந்திக்கு ஒன்னு. அதுவே ஒனக்குப் பாரம்." பிறகு, விளங்காதவளுக்கு விளக்குவது போலச் சொன்னாள். "கொழுந்து மலையில அப்பிடித்தான் இருந்தோம். ஏறுறதுக்கு முன்னாலயே வாயக் கட்டிருவோம். மலையில பொம்பளைக்கு ஒதுங்க எடம் ஏது? அந்திக்கு எறங்குனாத்தான் தண்ணி. அதுல யாரும் செத்துப் போகல."

"அப்ப ஒங்களுக்கு முப்பது வயசும்மா," என்றாள் பிரேமினி. "ஒடம்பு தாங்குச்சு."

அவள் அன்டனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நடப்பதைச் சொல்லிவிட்டால் வழி பாதி கிடைத்த மாதிரி என்று நினைக்கிறவள் அவள்.

"படுத்திருக்கையில அம்மாவோட பிரஷர் சரியா இருக்கு. எழும்பி நின்னதும் பட்டுன்னு எறங்குது. குழாயில தண்ணி கொறைஞ்சா மேல் லயத்துக்கு ஏறாது பாருங்க, அந்த மாதிரி ஒடம்புல தண்ணி கொறைஞ்சா நிக்கையில தலைக்கு ரத்தம் ஏறாது. அதான் தள்ளாட்டம். வாயும் காஞ்சு கெடக்கு. இந்த வயசுல தாகமும் சரியாத் தெரியாது. தண்ணி வேணும்னு அடிக்கிற மணி அடங்கிப் போயிரும். அதனால தாகம் எடுத்தா குடிப்பாங்கன்னு நாங்க இருக்கக் கூடாது."

"அதுக்குப் புத்தி ஏன் தடுமாறணும்?" என்றான் அன்டன்.

"தண்ணி குடிக்காம அடக்கி வச்சா சிறுநீர்ப் பையில கிருமி வரும். ஒங்களுக்கும் எனக்கும் வந்தா எரியும், காய்ச்சல் அடிக்கும். வயசானவங்களுக்கு அதெல்லாம் இல்லாமலே மொதல்ல புத்தி கலங்கும். நாள் மறக்கும், ஆள் மாறும். கொஞ்ச நேரம் தெளியும், மறுபடி கலங்கும். பாத்தா மறதி வருத்தம் மாதிரியே இருக்கும். இதுவும் அதுவா இருக்கலாம். டொக்டர்தான் சொல்லணும். வேன் நிக்குதுல்ல, இப்பவே கூட்டிட்டுப் போவோம்."

அனோஜா அதை நாலாம் வகுப்புக் கரும்பலகையில் நீர் வட்டம் வரைகிற மாதிரி மனதில் வரைந்து பார்த்தாள். செடி மறைவுக்குப் போனதால் பூட்டு. பூட்டினால் குடிக்கவில்லை. குடிக்காததால் கலக்கம். கலக்கத்தைப் பார்த்து இன்னும் பெரிய பூட்டு. அம்பு சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது. அதற்குள்ளே அம்மா இருந்தாள். அம்மாவைக் காவல் காத்தபடி அவளும் உள்ளேதான் இருந்தாள்.

"நான்தான் பூட்டச் சொன்னேன்," என்றான் அன்டன், யாரையும் பார்க்காமல்.

"பூட்டுனது நான்," என்றாள் அனோஜா. "வேனைத் திருப்பு."

*

ஆஸ்பத்திரியில் சிறுநீரில் ஒரு சிறிய பட்டையைத் தோய்த்தார்கள். அதில் வரிசையாக ஒட்டியிருந்த சதுரங்களில் இரண்டு நிறம் மாறின. கிருமி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு போத்தல் சேலைன் ஏறுகிற வரை சிசிலி பக்கத்துக் கட்டில்காரியோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சில் தடுமாற்றம் குறைவாக இருப்பதாக அனோஜாவுக்குப் பட்டது. ஆசையால் அப்படிப் பட்டதோ என்றும் நினைத்தாள்.

டொக்டர், சிசிலியின் பிள்ளைகள் இருவரையும் நிற்க வைத்துப் பேசினார். மாத்திரை ஒரு வாரத்துக்கு. காய்ச்சல் இல்லாததால் வார்டில் நிறுத்தவில்லை. கலக்கம் கூடினால், சாப்பிட மறுத்தால், உடனே கொண்டுவர வேண்டும். மறதி நோயும் உள்ளுக்குள் இருக்கிறதா என்பது இந்தக் கலக்கம் விலகின பிறகுதான் தெரியும். அதுவரை எந்தப் பேரும் வைக்க வேண்டாம். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார். "குடிக்க வைக்கிறது சரி. குடிச்ச பிறகு எங்கே போவாங்க?"

 மாத்திரை கிருமியைக் கொல்லும். படியின் வழுக்கலை மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. திங்கட்கிழமை அனோஜா பள்ளிக்கூடம் போனால் அம்மா மறுபடி வாயைக் கட்டுவாள். எல்லாம் திரும்ப வரும்.

 திரும்பி வந்து, லயத்து ரோட்டு வளைவில் வேனை நிறுத்திவிட்டு அன்டன் சொன்னான். "ஹோட்டல்ல கால் ஒடஞ்ச ஒரு கெஸ்ட்டுக்கு ரூமுக்குள்ளேயே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தோம். நடுவுல ஓட்டை. கீழ வாளி."

பிரேமினி ஆஸ்பத்திரி வாசலில் விடைபெறும்போது சொன்னதும் அதுதான். கதிரைக்கு இரண்டு பக்கமும் கை இருக்க வேண்டும், ஊன்றி எழும்புவதற்கு. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதிய வேண்டும். முதுகுப்பக்கம் சுவரில் முட்டி நிற்க வேண்டும், பின்னால் சாயாமல். கட்டிலுக்கு அம்மாவின் பலமான பக்கத்தில் போட வேண்டும். இவளுக்கு அது வலது பக்கம்.

"பிளாஸ்டிக் கதிரை சரிவராது," என்றான் அன்டன். "ஓட்டை வெட்டுனா கால் விரிஞ்சிரும்."

லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவில் இருக்கும் வேலாயி, சிசிலியோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவள், பிரம்பு பிய்ந்த ஒரு பழைய மரக்கதிரையைத் தூக்கி வந்து இஸ்தோப்பில் வைத்தாள். "இந்தா. ஓட்டை போடுற வேல மிச்சம். அதுவே போட்டுக்கிச்சு."

அன்டன் மிச்சப் பிரம்பை அறுத்து எடுத்தான். ஒரு பலகையில் நடுவே வட்டமாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, கதிரையில் வைத்து ஆணி அடித்தான். அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தான். குதிகால் தரையில் படவில்லை. நான்கு காலிலும் கொஞ்சம் அறுத்தான்.

"ஏ சிசிலி, மகன் ஒனக்கு சிம்மாசனம் செய்றான்டி," என்றாள் வேலாயி.

"இரு, ஒனக்கும் ஒன்னு செய்யச் சொல்றேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காரலாம்."

வேலாயி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சிசிலியும் சிரித்தாள். அடுத்த நிமிடமே, "லூர்து எங்க போனா?" என்று கேட்டாள். சிரிப்பு நின்றது. ஒரு போத்தல் சேலைனில் எல்லாம் சரியாகிவிடாது.

அன்டன் குனிந்து கடைசிக் காலை அறுத்தபோது அவனுடைய சட்டைப்பையிலிருந்து கடவுச்சீட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அனோஜா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"எதுக்கு ரெண்டு நாள் முந்தி வந்தே, அண்ணே? வெளிநாடு போறியா?"

"மருந்து முடியட்டும். சொல்றேன்."

"ஹோமுக்கு வேணாம்னு சொல்லிட்டியா?"

"இம்மாசக் கடைசி வரைக்கும் எடத்த வச்சிருக்கச் சொல்லியிருக்கேன்." அவன் இரம்பத்தைத் துடைத்தான். "இது சரியா வந்தா சொல்லிர்றேன்."

கட்டில் காலோரத்தில் இருந்த புதிய பையை அவன் திரும்ப வேனுக்கு எடுத்துப் போகவில்லை.

*

கதிரையை உள்ளே கொண்டுபோய், முதுகைச் சுவரோடு முட்ட வைத்து, அடியில் மூடி போட்ட வாளியை நகர்த்தினார்கள். கட்டிலிலிருந்து கை நீட்டினால் கதிரையின் கை எட்டியது. பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டினாள் அனோஜா.

வேலாயி இரண்டு கப்போடு வந்தாள். ஒன்றை சிசிலியிடம் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன்னுடையதை உறிஞ்சினாள். சிசிலி ஜன்னலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு மறைப்புச் சேலையைப் பார்த்தாள். குடித்தாள். ஒரே தடவையில் இல்லை, பேச்சுக்கு நடுநடுவே, வேலாயி குடிக்கிற வேகத்தில். அனோஜா முதல் தடவையாக அம்மா குடிப்பதை முழுதாகப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து சிசிலி சொன்னாள். "எல்லாரும் வெளிய போங்க."

மூவரும் இஸ்தோப்பில் நின்றார்கள். உள்ளே கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. நகரவில்லை. வாளியின் மூடியை அவளே திறந்து, அவளே மூடுகிற சத்தம் கேட்டது. அவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமைக்கு வழி இதுதான். கதிரை கட்டிலின் வலப்பக்கம், கை எட்டும் இடத்தில் இருக்கும். வாளியை அனோஜா பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவையும் வந்ததும் ஒரு தடவையும் கழுவுவாள். நடுவில் வேலாயி தன் கப்பையும் எடுத்துக்கொண்டு வந்து, அம்மா குடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கதவை வெளியே பூட்டுவதில்லை.